கப்பக்கோடு

கப்பலுக்கு எஃப்.சி. எடுக்கப் போகிறோம் என்று அக்காவிடம் சொன்னவன் நான்தான். முதலில் லோடு லைன் இன்ஸ்பெக்‌ஷன் என்று முறையாகத்தான் சொன்னேன். "லோடு ஏத்த எதுக்குடா லைன்ல நிக்கணும், ரேஷன் கடையா?" என்று கேட்டாள். சரி, வண்டிக்கு எஃப்.சி. காட்டுகிற மாதிரி கப்பலுக்கும் வருஷா வருஷம் ஒன்று உண்டு என்றேன். உடனே புரிந்துவிட்டது. ஜீப் ஓடுகிற வீட்டில் வாக்கப்பட்டவளுக்கு எஃப்.சி. புரியாமல் இருக்குமா? "அப்ப பெயிண்ட் அடிக்கணும், சீட்டு தைக்கணும், முதலுதவிப் பெட்டி எவன்கிட்டயாவது எரவல் வாங்கணும்" என்று அடுக்கினாள். கப்பலுக்கு யாரும் பெட்டி இரவல் தர மாட்டார்கள் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

நான் சரக்குக் கப்பலில் போசன். மேல்தளத்தில் துரு தட்டுகிற, பெயிண்ட் அடிக்கிற, கயிறு இழுக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் காமயகவுண்டன்பட்டி. திராட்சைக்கும் தென்னைக்கும் பேர் போன ஊரில் பிறந்தவன் எப்படிக் கடலுக்குப் போனான் என்று கேட்காத ஆள் கிடையாது. எங்கள் ஊர்க்காரனுக்குத் தண்ணீர் என்றால் பெரியாற்றுத் தண்ணீர். டீக்கடையில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அணை எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தான். தண்ணீர் ஒரு கோட்டைத் தொடுகிறதா, தாண்டுகிறதா என்பதில் எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம் உண்டு. அந்த வகையில் கப்பல் வேலை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

கப்பலின் விலாவில், நட்ட நடுவில், ஒரு வட்டம் இருக்கும். வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். வெயில் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, ஆற்றுத் தண்ணீருக்கு ஒன்று. சரக்கு ஏற ஏறக் கப்பல் தாழும். தண்ணீர் உரிய கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். மீதிச் சரக்கு கரையில் கிடக்கும், அடுத்த கப்பலுக்குப் போகும். முதலாளியே வந்து காலில் விழுந்தாலும் கோட்டுக்கு மேல் ஒரு கூடை ஏற்ற முடியாது. ஒரு காலத்தில் இஷ்டத்துக்கு ஏற்றிக் கப்பலோடு ஆட்களையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் இந்தக் கோட்டைப் போட்டார்களாம். உலகத்தில் நான் மதிக்கிற சட்டம் இது ஒன்றுதான்.

இதை ஒரு தடவை அக்காவுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "நம்ம பெரியாத்துத் தண்ணில ஒங்க கப்பல விட்டா என்னடா ஆகும்?" என்றாள். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் கப்பல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக முங்கும் என்றேன். "அப்ப நம்ம தண்ணி கனம் தாங்காது" என்றாள். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இதை மச்சானிடம் வேறு போய்ச் சொன்னாள்.

மச்சானுடைய ஜீப் ஏலத்தோட்ட ஜீப். விடியக் கருக்கலில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்கு ஏறும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். மச்சானே ஓட்டுவார். அக்காவும் அதே ஜீப்பில் காய் எடுக்கப் போவாள். நான் அனுப்புவது போதாதா என்று சண்டை போட்டிருக்கிறேன். "தம்பி காசுல உக்காந்து திங்கிறான்னு எவளாவது ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்குச் சோறு எறங்குமா?" என்பாள். வண்டிக்காரர் பெண்டாட்டி, முன் சீட்டில் ஜம்மென்று உட்காரலாம். உட்கார மாட்டாள். முன் சீட்டை வயிற்றுப் பிள்ளைக்காரிக்கோ முட்டி வலிக்காரிக்கோ கொடுத்துவிட்டு, இவள் பின்னால் படியோரம் தொத்திக்கொள்வாள்.

அந்த ஜீப்பில் எத்தனை பேர் போகலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தால் எங்கள் ஊரில் அது ஒரே ஆள். நின்றுகொண்டு வந்தால் ஆளே இல்லை, சீட்டில் உட்காரவில்லையே. தூக்குவாளி, பை, திரும்பி வரும்போது விறகுக் கட்டு, இவையெல்லாம் சும்மா. எண்ணிப் பார்த்து நிறுத்துங்கள் மச்சான் என்றால், "எண்ணலாம்தான் மாப்ள. ஏறுறவளுக எண்ண விட்டாத்தான?" என்று சிரிப்பார். கொண்டையூசி வளைவுகளில் அந்த வண்டி முக்கி முனகி ஏறுவதைப் பஸ்ஸில் பின்னால் வந்து பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் போன விடுமுறையில் அந்தக் காரியத்தைச் செய்தேன். எண்ணிக்கையில் ஏமாற்றலாம், எடையில் ஏமாற்ற முடியாது. கணக்குப்படி எத்தனை பேரோ அத்தனை பேரை ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தேன். பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து, தரையிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரு புளியங்கம்பை வெட்டினேன். கம்பின் உச்சிக்கு நேராக ஜீப்பின் விலாவில் வெள்ளை எனாமலில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. கம்பை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியது. கோடு கம்புக்கு மேலே நின்றால் ஏறலாம். கம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் கடைசியாக ஏறியவர் இறங்கிவிட வேண்டும். கம்புதான் கடல் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

ஊரே கூடிச் சிரித்தது. "என்னப்பா, வண்டிக்குக் குறுக்க நாமம் போட்டுட்ட?" என்று கேட்காதவன் இல்லை. பெண்கள் அதற்குக் கப்பக்கோடு என்று பேர் வைத்தார்கள். மச்சான் தடுக்கவில்லை. கப்பல்காரன் சொல்கிறான், அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்ற மரியாதை. அக்காவுக்கு மட்டும் வாயெல்லாம் பல். தம்பி போட்ட கோடு என்று மஞ்சள் பூசாத குறைதான்.

முதல் நாள் காலையில் நானே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக ஓடி வந்து ஏறியது எதிர்வீட்டு மதினி. ஏறியதும் கோடு முங்கிவிட்டது. இறங்கச் சொன்னேன். விளையாட்டென்று நினைத்து முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மூஞ்சி மாறிவிட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கி, என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோடு போட்டவுக கூலி போடுவாகளா?" என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள். வாய்க் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் நான் கப்பலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் போனில்தான் விசாரிப்பு. "கோடு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு" என்பாள். யாரும் சண்டை போடவில்லையே என்றால், "ஒருத்தியும் மூச்சு விடல" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது. கடலே பார்க்காத பெண்கள் கடல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டார்கள் என்று கப்பலில் எல்லாரிடமும் அளந்தேன். ஆனால் ஒன்று. நான் எந்தக் காலை நேரத்தில் கூப்பிட்டாலும் அவள் எடுத்தாள். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டால் ஒரு நாள் இடுப்பு வலி, ஒரு நாள் ஆட்டுக்குட்டிக்குச் சுகமில்லை, ஒரு நாள் கரண்டுக்காரர் வருகிறார். வயசாகிறது, ஓய்வெடுக்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

கப்பலில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை சூடு பிடித்தது. லோடு லைன் என்றால் அந்தக் கோடு மட்டுமல்ல. தண்ணீர் உள்ளே போகக்கூடிய வழிகள் எல்லாம் சரியாக மூடுகின்றனவா என்று பார்ப்பார்கள். சரக்கறை மூடிகளின் ரப்பர், காற்றுக் குழாய்களின் தலை, இரும்புக் கதவுகளின் பிடி, தளத்தில் ஏறிய அலை திரும்பி வெளியே ஓட வேண்டிய திறப்புகள். எங்கள் கப்பல் கிழடு. காற்றுப் போக்கிகளின் மூடிகள் துருப்பிடித்து, சுத்தியலால் அடித்தாலும் அசையாமல் மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தன. கம்பெனியிலிருந்து செய்தி வந்தது, பார்வைக்கு நன்றாக இருக்கிற மாதிரி முதலில் பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்று. சொறிக்குப் பவுடர் போடச் சொல்கிறார்கள். நான் முடியாது என்றேன். கேப்டன் நல்ல மனுஷன். கம்பெனிக்குச் சரி என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் போட்டு, ஒரு விரலால் தள்ளினால் மூடுகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்தோம்.

கதவுக்கு ஒரு சோதனை உண்டு. கதவின் ரப்பர் வந்து அமருகிற இரும்பு விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை இறுக மூடித் திறக்க வேண்டும். ரப்பரில் வெள்ளைக் கோடு முழுசாக விழுந்திருந்தால் கதவு நன்றாகப் பதிகிறது. எங்கே கோடு விட்டுப்போகிறதோ அங்கே தண்ணீர் புகும். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பேன். பையன்கள் என்னை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள்.

கடைசி வேலையாக அந்த வட்டத்துக்கும் கோட்டுக்கும் பெயிண்ட். கப்பல் காலியாக நங்கூரத்தில் நின்றதால் கோடு தண்ணீரிலிருந்து வெகு உயரத்தில் இருந்தது. பலகையைக் கயிற்றில் கட்டி, இடுப்பில் பெல்ட்டோடு நானே இறங்கினேன். மற்றவர்களை விட மனசில்லை. கப்பலில் அந்தக் கோட்டை வெறும் பெயிண்டால் போட மாட்டார்கள். வெல்டிங்கில் மேடு கட்டி, அதன் மேல்தான் பெயிண்ட். எவன் எத்தனை தடவை மேலே அடித்து மறைத்தாலும் விரலால் தடவினால் கோடு தட்டுப்படும். அழுக்கைச் சுரண்டி, மேட்டைத் தடவித் தடவி, வெள்ளை தீட்டினேன். அக்கா பார்த்தால் மஞ்சளே பூசிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் போன் போட்டேன். அக்கா மூச்சிரைக்க எடுத்தாள். இப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்தாளாம்.

"ஏலே, ஒங் கப்பலுக்கு முந்தி எங்க வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சிருச்சு. பெயிண்ட் அடிச்சதுல வண்டி புதுப் பொண்ணு கணக்கா நிக்குது" என்றாள்.

"கோடு?"

"அது பெயிண்டுக்குள்ள போயிருச்சுடா."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மச்சானிடம் கொடு என்றேன். அவர் வாங்கி, "பெயிண்டரு ஒரே பூச்சாப் பூசிட்டான் மாப்ள. கோட்டோட போனா, இது என்ன கிறுக்கல்னு கேப்பாக. நான் கப்பலுன்னா சொல்ல முடியும்?" என்றார். நியாயமாகத்தான் பேசினார். நான்தான் கத்தினேன். கப்பலில் இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் கோட்டைத் தீட்டுகிறோம், நீங்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் கோட்டை அழிக்கிறீர்கள், விளங்குமா என்று கத்தினேன். அக்கா போனைத் திரும்ப வாங்கினாள்.

"கத்தாதடா. அவுகளுக்கு நேரம் கெடைக்கட்டும், போட்டுக்கிரலாம். ஒரு வகைல நல்லதாத்தான் போச்சு."

"என்ன நல்லது?"

"ஒண்ணுமில்ல. நீ ஒங் கோட்டப் பாரு."

குரலில் ஒரு தெம்பு இருந்தது. ரொம்ப நாளாக அந்தத் தெம்பைக் கேட்கவில்லை. எனக்கிருந்த கோபத்தில் அதை யோசிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் எனக்கு மாற்று ஆள் வந்துவிடுவான், ஊருக்குப் போனதும் கம்பத்திலிருந்து வெல்டரைக் கூட்டி வந்து ஜீப்பிலும் மேடு கட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பிறகு எவன் பெயிண்ட் அடிக்கிறான் பார்க்கலாம். அதற்குப் பிறகு நான் காலையில் கூப்பிட்டபோதெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். கையில் சின்னச் சுத்தியல், டார்ச். எதையும் நம்பாத முகம். காற்றுப் போக்கி மூடி ஒவ்வொன்றையும் தன் கையால் மூடித் திறந்து பார்த்தார். கதவுகளில் சாக்பீஸ் கோடு பார்த்தார். சரக்கறை மூடிகளின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்லி, தானே உள்ளே இறங்கி அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் படகில் இறங்கிப் போய்க் கப்பலின் விலாவைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். அந்தக் கோடு யார் தீட்டியது என்று கேட்டார். கேப்டன் என்னைக் காட்டினார். இவ்வளவு சுத்தமான கோட்டை இந்த வயசுக் கப்பலில் தான் பார்த்ததில்லை என்று எனக்குக் கை கொடுத்தார். பையன்கள் கை தட்டினார்கள். எனக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பூரிப்போடு அறைக்கு வந்து போனை எடுத்தேன். தானாக ஒருபோதும் கூப்பிடாத மச்சான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். கம்பம்மெட்டு ரோட்டில் ஒரு வளைவு. மேலிருந்து பஸ் வந்தது. மச்சான் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். அத்தனை கனத்தோடு வண்டி நிற்காமல் பின்னால் நழுவி, பக்கவாட்டில் சாய்ந்து, ஓரச் சுவரில் இடித்து நின்றது. உள்ளே ஒருத்தர்மேல் ஒருத்தர் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்படியில் நின்ற அக்கா சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய்விட்டாள். தேனிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் போக முடியவில்லை. கப்பல் அன்றைக்கே சரக்கு ஏற்றக் கிளம்பிவிட்டது. மாற்று ஆள் அடுத்த துறைமுகத்துக்குத்தான் வருவான் என்றார்கள். கடல் நடுவில் எங்கே இறங்குவது? என் அக்காவைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போன நேரத்தில் நான் தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றினார்கள். கோடு தண்ணீரைத் தொட்டதும் எந்திரம் நின்றுவிட்டது. மீதித் தாது கரையில் மலைபோலக் கிடந்தது. ஏணியருகே நின்று அதைப் பார்த்தேன். அது யாரையும் திட்டவில்லை, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயே கிடந்தது. மண்ணுக்கும் கல்லுக்கும் போட்டு வைத்த கோட்டை என் கூடப் பிறந்தவளுக்கு நிலைக்க விடாமல் ஒரு பெயிண்டர் அழித்துவிட்டான் என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.

கருமாதியும் முடிந்த பிறகுதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்க மாப்ள" என்றதோடு சரி. அவர்மேல் கேஸ் இருந்தது. வண்டியைத் தொடுவதில்லை. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஒரு டிரைவர் போட்டு. எஃப்.சி. செல்லுபடியாக இருந்ததால் ஸ்டேஷனிலிருந்து சீக்கிரம் வெளியே விட்டுவிட்டார்களாம். இடித்த பக்கத்தில் நசுங்கலைத் தட்டி நிமிர்த்திப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஊர் ஜீப்புகளுக்கெல்லாம் அந்த ஒரே பெட்டிதான். எந்த வண்டிக்கு எஃப்.சி.யோ அதில் ஏறும், முடிந்ததும் அடுத்த வண்டிக்கு மாறும். அக்கா அந்த ரோட்டில் கிடந்தபோது பெட்டி எஃப்.சி. காட்டிய பெருமையோடு வேறு எவன் வண்டியிலோ தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போடத் துணி இல்லாமல் ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்திருக்கிறாள். இதை மச்சான் சொன்னபோது, எனக்கு யாரை அடிப்பது என்றே தெரியவில்லை.

மறுநாளே கம்பத்துக்குப் போய் வெல்டரைப் பேசினேன். கோட்டை வெல்டிங் வைத்து மேடாகப் போட வேண்டும், பெயிண்ட் அடித்தாலும் மறையக் கூடாது என்றேன். மச்சானிடம் கேட்டேன். "எதையும் செய்ங்க மாப்ள. அவளே இல்ல, இனி என்ன?" என்றார். ஆட்கள் ஏறி உட்கார்ந்தால்தான் உயரம் பார்க்க முடியும். அதனால் வெல்டரை விடியற்காலையிலேயே வரச் சொன்னேன். பழைய புளியங்கம்பைத் தேடினேன். மூலையில், அக்கா துணி காயப்போடுகிற கொடியைத் தாங்கிக்கொண்டு நின்றது. எடுத்துக்கொண்டேன்.

காலையில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். கணக்குக்குச் சரியாக ஏறியதும் நிறுத்தச் சொல்லி, கம்பை வைத்து, ஜீப்பின் விலாவில் சாக்பீஸால் கோடு இழுத்தேன். பிறகு ஏறுங்கள் என்றேன், எவ்வளவு முங்குகிறது பார்க்கலாம் என்று. இன்னும் சிலர் ஏறினார்கள். கோடு கம்புக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக வந்தது எதிர்வீட்டு மதினி. படியில் காலை வைத்தவள் என் கையில் சாக்பீஸைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"திரும்பக் கோடு போடப் போறீகளாக்கும்" என்றாள்.

"ஆமா. இந்தத் தடவ அழிக்க முடியாது."

"கொழுந்தனாரே, ஒங்களுக்குத் தெரியாதா? அவ சொல்லலையா?"

"எதை?"

அவள் படியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தரையில் நின்று பேசினாள். சத்தம் போடவில்லை.

"அன்னிக்கு நீங்க என்னைய எறக்கி விட்டீகள்ல, அதோட சரி. மக்யாநாள்ல இருந்து கோடு முங்குனா ஒங்க அக்காதான் எறங்குவா. எவ கடைசியா ஏறுனாலும் எறங்குறது அவதான். வண்டிக்கார வீடு, எனக்கு ஒரு நா கூலி போனா என்னங்கிறுவா. எந் தம்பி போட்ட கோட்டுக்கு ஒருத்தி வயித்தெரிச்சல் விழக் கூடாதும்பா. தெனமும் முங்கும், தெனமும் எறங்கி நிப்பா. கோடு இருந்த மட்டும் அவ தோட்டத்துக்கு ஒழுங்கா வந்ததே இல்ல. பெயிண்ட் அடிச்சு அது அழிஞ்ச அன்னிக்குத்தான் பழையபடி சிரிச்சுக்கிட்டு வந்து பின்னால தொத்துனா."

ஜீப்பில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இடுப்பு வலி, ஆட்டுக்குட்டி, கரண்டுக்காரர் எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கின. சண்டையே இல்லை, ஒருத்தியும் மூச்சு விடவில்லை என்று நான் பீற்றிக்கொண்டதும் விளங்கியது. வெல்டர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, "அண்ணே, ஆரம்பிக்கட்டா?" என்றான்.

மதினி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜீப்புக்குள் இருந்த முகங்களைப் பார்த்தாள்.

"கோட்டப் போடுங்க, வேணாங்கல. நல்லதுதான். ஆனா எறங்கி நிக்க இப்ப ஒங்க அக்கா இல்ல. இனிமே எவ எறங்கணும்னு அதையும் சொல்லிட்டுக் கப்பலுக்குப் போங்க."

நான் ஜீப்புக்குள் இருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். டிரைவர் நேரமாகிறது என்று ஹாரனை அடித்தான். மதினி ஏறி, அக்கா நின்ற பின்படியில் நின்றுகொண்டாள். சாக்பீஸ் கோடு முங்கியபடியே ஜீப் மலைப் பக்கம் போனது.